இன்டர்சோன் பழைய இதழ்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். விஞ்ஞானப் புனைகதைகளும் மாயக் கதைகளும் வருகிற 'இன்டர்சோன்' என்ற ஆங்கிலச் சிற்றிதழின் பழைய அச்சுப் பிரதிகளைத் தேடுகிறேன். 1982இல் பிரித்தானியாவில் எட்டுப் பேர் கூட்டாகத் தொடங்கிய இதழ்.

லண்டன் மாமா அனுப்பிய பதினொரு இதழ்கள் என்னிடம் இருந்தன. 2009 இடம்பெயர்வில் உரப்பையில் கட்டிப் புதுக்குடியிருப்பு வரை கொண்டுபோனேன். அங்கே பங்கருக்குள் தண்ணீர் நின்று, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. விட்டுவிட்டு நடந்தோம்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வளவு மாமரத்தின் கீழ் ஏழெட்டுப் பிள்ளைகள் கதை எழுதிப் பழகுகிறார்கள். ஒரு பிள்ளை, இரணைமடுக் குளத்தின் அடியில் ஒரு நகரம் இருப்பதாக எழுதியிருக்கிறாள். கொப்பி முழுக்க அதன் தெருக்கள். கைபேசியில் வாசிக்கக் கொடுக்கலாம்தான். ஆனால் இதழைக் கையில் வைத்துப் புரட்டினால்தான் 'நாங்களும் ஒன்று நடத்தலாம்' என்ற எண்ணம் வரும்.

லண்டன் பக்கம் இருப்பவர்கள் பழைய புத்தகக்கடைகளில் கண்டால் சொல்லுங்கோ. 1980களின் இதழ்கள் என்றால் இன்னும் நல்லது. காசு தருவேன். ஊருக்கு வருகிற யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், வவுனியாவுக்கே வந்து வாங்கிக்கொள்வேன்.