விசைத்தறி ஸ்பீடு 140ல இருந்து 170 ஏத்தினா ஸ்லேல (ஊடை நூல அடிச்சு சேக்குற சட்டம்) எவ்வளவு ஆக்சலரேஷன் வரும்? வீடியோ வச்சு கணக்கு போட்டா தாறுமாறா வருது

அம்மாப்பேட்டை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். எங்க சித்தப்பா சேலத்துல விசைத்தறி ஓட்டுறாரு, பழைய நாடா தறி தான் (ஊடை நூலோட நாடா குறுக்க ஓடுற வகை), 60 இன்ச். இப்ப நிமிஷத்துக்கு 140 பிக் ஓடுது, அதாவது 140 ஊடை, ஒரு பிக்குக்கு கிராங்க் ஒரு சுத்து. பக்கத்து பட்டறைல 170 ஓட்டுறாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க, அதுல இருந்து மோட்டார் புல்லிய மாத்தி நாமளும் 170 வச்சிரலாம்னு ஒரே பிடிவாதம். ஃபிட்டர் அண்ணன் வேணாங்கறாரு, கிராங்க் ஆர்ம் (கிராங்க ஸ்லேயோட சேக்குற கை) புஷ்ஷு தாங்காதுன்னு. சித்தப்பா "வெறும் 30 பிக் தானடா ஏறுது, அதுக்கு போய் என்ன தாங்காது"ங்கறாரு.

சரி கணக்கு போட்டு காட்டிரலாம்னு போன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுத்தேன். ரீடு கேப்ல (ஸ்லேயோட மேல் கட்டை) ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது எங்க இருக்குன்னு மி.மீ. கணக்குல எக்செல்ல போட்டு, ரெண்டு தடவை வித்தியாசம் எடுத்தேன். பொசிஷன் கிராஃப் அழகா அலை மாதிரி வருது, வெலாசிட்டி கொஞ்சம் நடுங்குது, ஆக்சலரேஷன் பாத்தா 150 மீ/வி², அடுத்த ஃபிரேம்ல மைனஸ் 180, ஒண்ணுமே புரியல.

கிராங்க் ஆரம் 75 மி.மீ., ஆர்ம் நீளம் 300 மி.மீ., ஸ்லே பெட்டி எல்லாம் சேத்து 60 கிலோ இருக்கும்னு ஒரு குத்துமதிப்பு. இன்னொரு டவுட்டும் இருக்கு, ஸ்லே ஊசலாடுது, அது மேலயே நாடா ஓடுது, அப்ப கொரியோலிஸ் ஆக்சலரேஷனும் சேக்கணுமா வேணாமா? சித்தப்பா கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரியல, மோட்டார் ஒரே ஸ்பீட்ல தான சுத்துது, ஒரே ஸ்பீட்ல சுத்துறதுக்கு எங்கடா ஆக்சலரேஷன்னாரு.

அடிவாரம்_ராசா:
தம்பி சித்தப்பாவுக்கு மொதல்ல பதில் சொல்லிருவோம். ஏற்காடு ரோட்ல 20 ஹேர்பின் இருக்குல்ல, அதுல பஸ் 20 கிலோமீட்டர் ஸ்பீட்லயே முள்ளு அசையாம திரும்புனாலும் உள்ள உக்காந்தவன் ஒரு பக்கமா சாயத்தான் செய்வான். வளைவு ஆரம் 10 மீட்டர்னு வச்சா ஆக்சலரேஷன் 3.1 மீ/வி², ஸ்பீடு மாறாட்டியும் திசை மாறுதில்ல. கிராங்க் பின்னும் அதே தான், அந்த ஆக்சலரேஷன் ஆரம் × ஒமேகா ஸ்கொயர் (ஒமேகான்னா செகண்டுக்கு எத்தனை ரேடியன் சுத்துதுங்கறது). கிராங்க் வேகமே மாறுனா அதுக்கு மேல டேன்ஜென்ஷியல்னு இன்னொண்ணு சேரும். ஆனா ஸ்லே வட்டத்துல சுத்தல, முன்னப் பின்ன போகுது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை நின்னு திரும்புது. புஷ்ஷு அடி வாங்குறது அந்த திரும்புற இடத்துல தான்.

இப்ப உன் வீடியோ. எக்செல்ல தப்பு தேடாத, ரெண்டு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணா எந்த டேட்டாவுக்கும் இது நடக்கும். 240 ஃபிரேம்னா ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல 1/240 செகண்ட். ஒவ்வொரு புள்ளியிலயும் வெறும் 1 மி.மீ. முன்னப் பின்ன இருந்தா போதும், மோசமா அமைஞ்சா அது நாலு மடங்காகி நேர இடைவெளியோட வர்க்கத்தால வகுபடும், 0.004 × 57600, ஆக 230 மீ/வி² வரைக்கும் பொய். நீ தேடுறதே இருபது சொச்சம் தான். இதுல வேடிக்கை என்னன்னா இன்னும் வேகமான கேமரா வாங்குனா இன்னும் மோசமாகும், இடைவெளி சின்னதாகுதுல்ல. வீடியோல இருந்து வெலாசிட்டி வரைக்கும் ஓரளவு போகலாம், ஆக்சலரேஷனுக்கு அப்படியே போக கூடாது.

டூல்ரூம்_மணி:
ராசா அண்ணன் சொன்னது சரி, ஆனா வீடியோவ தூக்கி போட வேணாம். தறி எப்படி அசையும்னு நமக்கு முன்னாடியே தெரியும்ல, அந்த வடிவத்த டேட்டா மேல பொருத்திட்டு அப்புறம் அந்த சமன்பாட்ட டிஃபரன்ஷியேட் பண்ணணும். ஸ்லைடர் கிராங்க்னா கிராங்க் சுத்த, ஆர்ம் ஒண்ண நேர்கோட்டுல முன்னப் பின்ன தள்ளுற அமைப்பு, தீட்டா கிராங்க்கோட கோணம்; அதோட பொசிஷன் கிட்டத்தட்ட காஸ் தீட்டா ஒரு பங்கு, காஸ் 2 தீட்டா ஒரு சின்ன பங்கு, அவ்வளவு தான். 140ல ஒரு சுத்துக்கு சுமாரா 103 ஃபிரேம் வரும், பத்து சுத்து எடுத்து எக்செல்ல லின்எஸ்ட் (LINEST, டேட்டாவுக்கு சமன்பாடு பொருத்துற ஃபங்ஷன்) போடு, ஆரம்பம் எந்த கோணத்துல இருக்குன்னு தெரியாததால சைன் தீட்டா, சைன் 2 தீட்டா காலமும் சேத்துக்க.

ஒரு விஷயம் கவனி. ஸ்டிக்கர ரீடு கேப்ல ஒட்டாத. ஸ்லே கீழ இருக்கற ராக்கிங் ஷாப்ட்ட வச்சு ஊசலாடுது, மேல போகப் போக வீச்சு கூடும், 75 மி.மீ. கிராங்குக்கு அங்க 75க்கும் மேல காட்டும். ஆர்ம் ஸ்லேல வந்து சேர்ற பின்னுக்கு (pin) பக்கத்துலயே ஒட்டு.

நேரா ஃபார்முலா போட்டாலே கதை புரிஞ்சிரும். 140ல ஒமேகா 14.66, ஆரம் × ஒமேகா ஸ்கொயர் 16.1. ஆரத்த ஆர்ம் நீளத்தால வகுத்தா 0.25. ஸ்லே முன்னாடி வந்து ஊடைய அடிக்கிற முனைல 16.1 × 1.25 = 20.1 மீ/வி², பின் முனைல 16.1 × 0.75 = 12.1. ரெண்டு முனையும் சமம் இல்ல, இது டிசைனே தான், ஸ்லே பின்னாடி கொஞ்சம் நேரம் தங்கினா தான் நாடா குறுக்க போய் சேர நேரம் கிடைக்கும். ஆர்ம் கட்டையா இருந்தா அந்த தங்கல் கூடும், ஆனா அடி முனைல ஆக்சலரேஷனும் கூடும்.

170க்கு ஒமேகா 17.8, முன் முனை 29.7. 60 கிலோவ வச்சு பெருக்கினா 1200 நியூட்டன் இருந்தது 1780 ஆகுது, பட்டறை பாஷைல 123 கிலோ இழுவை 182 கிலோ. ஸ்பீடு 21 சதம் தான் ஏறுது, விசை 47 சதம் ஏறுது, ஏன்னா ஒமேகா வர்க்கத்துல இருக்கு. 30 பிக் தானன்னு கேட்டவருக்கு இந்த ஒரு வரிய காட்டு.

அந்த காஸ் 2 தீட்டா பங்கு பொசிஷன்ல வெறும் 4.7 மி.மீ. தான், கண்ணுக்கே தெரியாது. ஆக்சலரேஷனுக்கு வரும்போது நாலால பெருகி 4 மீ/வி² ஆயிடும், 16ல கால் பங்கு. அதனால தான் பொசிஷன் கிராஃப் சாதா சைன் வேவ் மாதிரி இருக்கேன்னு நம்பி இறங்க கூடாது.

கொரியோலிஸ்_கேள்வி:
கொரியோலிஸுக்கு நான் சொல்றேன், எல்லா பேப்பர்லயும் பசங்க தடுமாறுற இடம். சுத்துற ஒரு லிங்க் மேல இன்னொண்ணு சறுக்குனா 2 × ஒமேகா × வெலாசிட்டி வரும், ஆனா இது வெக்டார் பெருக்கல், திசை பாக்கணும். ஸ்லே ஊசலாடுற அச்சு எது, ராக்கிங் ஷாப்ட், அது தறிக்கு குறுக்கா இடது வலதா படுத்திருக்கு. நாடா ஓடுறதும் அதே இடது வலது திசைல. ரெண்டும் இணை. இணையான வெக்டார் பெருக்குனா பூஜ்யம். ஆக நாடா எவ்வளவு வேகமா போனாலும் கொரியோலிஸ் இல்ல.

கிராங்க், ஆர்ம், ஸ்வோர்டு (ஸ்லேய கீழ இருந்து தாங்குற கால்) எல்லாம் பின் (pin) ஜாயிண்ட், சறுக்கலே இல்லாததால அங்கயும் இல்ல. கொரியோலிஸ நேர்ல பாக்கணும்னா ஏதாவது லேத் பட்டறைல பழைய ஷேப்பிங் மெஷின் கிடக்கும், அதுல ஸ்லாட் லீவருக்குள்ள பிளாக் சறுக்குறத பாருங்க. அங்கயும் ஒரு சுத்து முழுக்க இருக்காது, ஸ்ட்ரோக் கடைசில லீவர் நின்னு திரும்புறப்ப ஒமேகா பூஜ்யம், கிராங்க்கும் லீவரும் ஒரே கோட்டுல வர்றப்ப சறுக்கல் பூஜ்யம், அந்த நாலு இடத்துல கொரியோலிஸும் பூஜ்யம். வைவால கேட்டா சொல்லிருங்க.

அப்புறம் டூல்ரூம் மணி போட்டது ஸ்லைடர் கிராங்க், நிஜத்துல இது ஃபோர் பார் (நாலு லிங்க் சேந்த அமைப்பு), ஸ்லே நேர்கோட்டுல போகாம வில் போல போகுது. ஸ்வோர்டு 700 மி.மீ.னு வச்சா அந்த வளைவால வர்ற ஆக்சலரேஷன் அதிகபட்சம் சுமாரா 1.8 மீ/வி² தான், அதுவும் நடு ஸ்ட்ரோக்ல, முனைல இல்ல. சித்தப்பா கணக்குக்கு விட்ரலாம். கிளைன்ஸ் கன்ஸ்ட்ரக்ஷன் (ஆக்சலரேஷன படம் போட்டு கண்டுபிடிக்கிற முறை) வரையணும்னாலும் இதே ஸ்லைடர் கிராங்க்கா எடுத்து, கிராங்க் ஒரே ஸ்பீட்ல சுத்துதுன்னு வச்சு தான் வரைய முடியும்.

குகை_ஃபிட்டர்:
நீங்கெல்லாம் ஸ்லேவையே பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. தறி ஸ்பீடு ஏத்துனா மொதல்ல போறது நாடாவ அடிச்சு தள்ளுற பிக்கர், அத ஆட்டுற பிக்கிங் ஸ்டிக், அப்புறம் தான் ஆர்ம் புஷ்ஷு. நாடா அடி வாங்குற அடி என்னன்னு யாராவது கணக்கு போடுங்க பாப்போம். மத்தபடி 170 ஓட்டுறவன் தறி என்ன வயசு, என்ன வெயிட்டு, என்ன நூல்னு பாக்காம பக்கத்து பட்டறைய பாத்து புல்லி மாத்துறது சரியில்ல. பாவு நூல் அறுந்து அறுந்து நின்னா 170ல ஓட்டியும் சாயந்திரம் அதே மீட்டர் தான் வரும், இதையும் உங்க சித்தப்பாகிட்ட சொல்லு தம்பி.

டூல்ரூம்_மணி:
அண்ணே நாடா கணக்கு இந்தாங்க. நாடாவுக்கு ஒரு சுத்துல சுமாரா 130 டிகிரி தான் டைம்னு வச்சுக்குவோம், 140ல அது 0.155 செகண்ட். 60 இன்ச்சும் நாடா நீளமும் சேத்து 1.85 மீட்டர் கடக்கணும், அப்ப செகண்டுக்கு 12 மீட்டர். இந்த வேகம் நாடா பெட்டிக்குள்ள 20 செ.மீ. தூரத்துக்குள்ள வரணும், சீரா ஏறுதுன்னே வச்சாலும் 360 மீ/வி², புவியீர்ப்ப போல 37 மடங்கு. ஸ்லேவோட ஒப்பிட்டா இது வேற உலகம். 170ல 14.5 மீட்டர் வேணும், 530 கிட்ட போயிரும். நாடா 400 கிராம்னா பிக்கர் தள்ளுறது 14, 15 கிலோல இருந்து 21, 22 கிலோ. எதிர்ப் பெட்டில அதே வேகத்த நிறுத்தவும் வேணும். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு.

அடிவாரம்_ராசா:
சென்சார் வச்சு நேரா அளக்கலாம்னு யாராச்சும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிர்றேன், போன ஸ்லேல கட்டாதீங்க, பிச்சிக்கிட்டு பறந்துச்சுன்னா நூலும் போச்சு போனும் போச்சு. ஏடிஎக்ஸ்எல்345 போர்டு (ஆக்சலரேஷன் அளக்குற சென்சார்) ஒண்ணு வாங்கி ஆர்டுயினோல சேத்து அந்த பின்னுக்கு (pin) பக்கத்துல ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம். ஆனா ரேஞ்ச 2 ஜில (புவியீர்ப்ப போல 2 மடங்கு) வச்சா 140லயே தலை தட்டிரும், 16 ஜில வைக்கணும். ஸ்லே சாயும்போது புவியீர்ப்பும் கலந்து வரும், ரீடு அடிக்கிற அதிர்ச்சி தனியா குத்து குத்தா வரும், அத எல்லாம் பிரிச்சு பாக்க தெரிஞ்சா தான் இது பிரயோஜனம்.

அம்மாப்பேட்டை_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்கண்ணா. மணி அண்ணா சொன்ன மாதிரி ஸ்டிக்கர பின்னுக்கு (pin) பக்கத்துல ஒட்டி திரும்ப எடுத்து லின்எஸ்ட் போட்டேன். மொதல் பங்கு 74 மி.மீ., ரெண்டாவது 5.4 மி.மீ. வந்துச்சு. ஆக்சலரேஷன் முன் முனைல 20.5, பின் முனைல 11.3. ஃபார்முலாவோட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது, ஆனா ரெண்டாவது பங்கு மட்டும் 4.7க்கு பதிலா ஏன் கூட வருது? நாடா கணக்க காட்டுனதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, இப்ப 150 வச்சு பாக்கலாமான்னு கேக்குறாரு.

கொரியோலிஸ்_கேள்வி:
கிராங்க் ஷாப்ட் ஒரே ஸ்பீட்ல சுத்துதுன்னு எடுத்துக்கிட்டு தான தீட்டா போட்டீங்க, நிஜத்துல பெல்ட் வழுக்கும், பிக்கிங் நேரத்துல ஸ்பீடு இறங்கி அப்புறம் ஏறும். அந்த ஏத்த இறக்கம் அப்படியே ரெண்டாவது பங்குல போய் உக்காந்துக்கும். வில் போல போறதும் கொஞ்சம் சேரும். இன்னும் துல்லியம் வேணும்னா கிராங்க் வீல் மேலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி நிஜ கோணத்த எடுங்க.

150 வச்சா (150/140) ஸ்கொயர் 1.148, அதாவது 15 சதம் கூடுதல் விசை. கணக்குல பயமில்ல.

குகை_ஃபிட்டர்:
கணக்கெல்லாம் இருக்கட்டும். ஆர்ம்ல புஷ்ஷு மாத்தியாச்சா இல்லியா அத சொல்லு. கையால ஸ்லேய முன்னப் பின்ன ஆட்டி பாரு, டக்குனு சத்தம் கேட்டா பித்தளை தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த கேப்போட 150 வச்சா ஒவ்வொரு திரும்பலுக்கும் சுத்தியல்ல அடிச்ச மாதிரி விழும், அது உங்க எக்செல்ல வராது. மொதல்ல புஷ்ஷு, அப்புறம் புல்லி.

அம்மாப்பேட்டை_பையன்:
சத்தம் கேக்குதுங்கண்ணா, வலது பக்க ஆர்ம்ல. இடது பக்கம் பரவால்ல. ஒண்ணு மட்டும் மாத்துனா போதுமா, ரெண்டையும் சேத்து மாத்தணுமா?

குகை_ஃபிட்டர்:
ரெண்டையும் மாத்து. ஒரு பக்கம் இறுக்கமா ஒரு பக்கம் லூசா இருந்தா ஸ்லே கோணலா வந்து அடிக்கும், துணில ஒரு ஓரம் நெருக்கமாவும் இன்னொரு ஓரம் இளசாவும் விழும்.