வாசிப்புக் குழுவுக்கு வரலாற்று நூல்கள்: எதில் தொடங்கலாம்?

கேள்வி:
வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் குடியிருப்பு நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்புக் குழு தொடங்குகிறோம். முதல் ஆண்டு முழுக்க வரலாறுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மாக்கள், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். பாதிப் பேர் சோழர் கதை கேட்கிறார்கள், கடாரம் (இன்றைய கெடா) பக்கத்தில்தானே, அங்கே பழைய கோயில் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்கும் ஒரு நாள் போய் வரலாம் என்கிறார்கள். எனக்கு நம் தாத்தா பாட்டி பட்டதை முதலில் படிக்க ஆசை. என்ன செய்யலாம்?

பதில் 1:
சயாம் ரயிலில் தொடங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டுமே நம் நாட்டு நாவல்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-43இல் ஜப்பானியர்கள் தாய்லாந்தின் (அன்றைய சயாம்) பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதில் செத்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல், அவர்களில் பலருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போன நம் ஆட்கள் அவர்களைவிடப் பல மடங்கு செத்தும் முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ஏடுகள் விட்டதை இங்கே நாவல்தான் சொல்கிறது. அந்த அம்மாக்களில் யாராவது ஒருவர் வீட்டில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் சோழரைக் கேட்பவர்களை ஒதுக்கிவிடாதீர்கள் அக்கா, அவர்கள் அடுத்த மாதம் வரமாட்டார்கள். 'பொன்னியின் செல்வன்' மட்டும் வேண்டாம், ஐந்து பாகம், ஒரு மாதத்தில் முடியாது, அதில் ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பும் வராது. அதற்குப் பதில் அவனுடைய மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் பகுதியை, எடுங்கள். 'அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி' என்று வரும் பகுதியை ஆசிரியர் ஒருவர் பதம் பிரித்துச் சொன்னால் ஒரே அமர்வில் படித்துவிடலாம். 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு, அரசன் தன் வெற்றியைத் தானே சொல்லிக்கொள்வது, அதை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளைகள் வாதாடட்டும். அப்புறம் பூஜாங் போங்கள்.

பதில் 3:
கோலாலம்பூரில் ஒரு குழுவில் இருக்கிறேன். முதலில் பிரதிகள் கிடைக்குமா என்று பாருங்கள், நம் நாட்டு நூல்கள் பல மறுபதிப்பு இல்லாமல் கிடக்கின்றன, நான்கு பிரதியை இருபது பேர் சுற்றிவிட்டுப் படித்தால் பேச்சு எழாது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) கட்டாயம் சேருங்கள், போர்க்காலத்துச் சுமத்ராவின் மேடானும் பினாங்கும் அதில் உயிரோடு இருக்கின்றன, உங்களுக்கு அது சொந்த ஊர்க் கதை. ஆனால் நடை கடினம், குழு நன்றாக ஒட்டிய பிறகு, ஆறாம் மாதம்போல் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. முதல் மாதம் சயாம் ரயில், இரண்டாவது மெய்க்கீர்த்தி. 'நினைவுச் சின்னம்' பிரதிகள் பினாங்கில் யாரிடமாவது இருந்தால் இரண்டு மாதம் இரவல் தருவீர்களா? அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.