ஷேக்ஸ்பியர் வரியில தாளம் எப்பிடிப் பிடிக்கிறது?

கேள்வி:
ஏ.எல்லுக்கு இங்கிலிஷ் லிட்ரேச்சர் செய்யிறன். அயம்பிக் பென்டாமீட்டர் எண்டா 10 அசை எண்டு எண்ணத் தெரியுது, ஆனா வாசிக்கேக்க ஒரு தாளமும் கேக்குதில்லை, ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

பதில் 1:
தங்கச்சி, எண்ணுறதை விட்டிட்டு வாய்விட்டு வாசியுங்கோ. எங்கட யாப்பில குறில் நெடில் பாத்துத்தான் நேர், நிரை எண்டு பிரிக்கிறம், இங்கிலிஷில அழுத்தம்தான் கணக்கு, ஒரு அசை மெதுவா, அடுத்தது அழுத்தி, இப்பிடி அஞ்சு சோடிதான் அயம்பிக் பென்டாமீட்டர், நாங்கள் எல்லா அசையையும் ஒரே மாதிரிச் சொல்லுறபடியாத்தான் தாளம் செத்துப்போகுது. "இஃப் மியூசிக் பி த ஃபூட் ஒஃப் லவ், ப்ளே ஒன்", ஷேக்ஸ்பியரின்ர ட்வெல்ஃப்த் நைட் நாடகத்தின்ர முதல் வரி. மியூ, பி, ஃபூட், லவ், ஒன், இந்த அஞ்சிலயும் மேசையில தட்டுங்கோ. கூத்தில மத்தளம் கேட்ட காதுக்குக் கெதியாப் பிடிபடும்.

பதில் 2:
ஆனா எல்லா வரியும் அப்பிடி ஓடாது. ஹாம்லெட்டின்ர "டு பி, ஒர் நொட் டு பி" வரியில 11 அசை, கடைசி 'க்வெஸ்சன்'ல 'சன்' அழுத்தமில்லாமல் தொங்கி நிக்கும், அவன்ர தத்தளிப்பு எனக்கு அதிலயே கேக்கும். மக்பெத் நாடகத்தில வாற சூனியக்காரியளின்ர வரியளுக்கு 4 தட்டுத்தான், அழுத்தம் முன்னுக்கு வரும், மந்திரம் மாதிரி.

கேட்டவர்:
தட்டிப் பாத்தன் அண்ணா! 'பி'யில மட்டும் கொஞ்சம் மெதுவா விழுகுது, சரியோ?

பதில் 1:
ஓம் பிள்ளை, அது சரி. அஞ்சு தட்டும் ஒரே பலத்தில விழாது.