இன்னும் 12 நாள்

குழு: பெரிய காம்பரா சொந்தங்கள்
ஜூலை 5, சனிக்கிழமை

பெரியம்மா, 6.31
[படம்]
[படம்]
அம்மாயியின் போனிலிருந்து பேரன் அனுப்புகிறேன். ராஜா மாமா சிறையிலிருந்து எழுதிய கடிதம். நேற்று பின்னேரம்தான் தோட்டத்து ஆபீசில் கொடுத்தார்கள். அம்மாயி இரவு முழுக்கத் தூங்கவில்லை.

செல்வி அத்தை, 6.34
எழுத்து மங்கலாக இருக்கிறதே. யாராவது வாசித்துச் சொல்லுங்கள்

மணி மாமா, 6.38
"அம்மா, 5ஆம் திகதி சரிவரவில்லை. பழைய தீர்ப்புத்தான் என்று சொல்லிவிட்டார்கள். 6 வாரம் இருக்கிறதாம். உடனே தர்ஷினியிடம் சொல்லுங்கள்."

செல்வி அத்தை, 6.38
ஐயோ கடவுளே

சிவா சித்தப்பா, 6.41
எந்த மாதம் 5?

மணி மாமா, 6.42
ஜூன். தபால் முத்திரை ஜூன் 11. ஆபீசில் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. லயத்து வீடுகளுக்கு என்று ஒரு விலாசம் இருந்தால் இப்படி நடக்குமா?

சிவா சித்தப்பா, 6.42
வக்கீலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை

செல்வி அத்தை, 6.43
நீ கேட்டாயா?

தர்ஷினி, 6.50
இப்போதுதான் பார்த்தேன். பெரியம்மா, அந்தக் கடித உறையைக் கிழிக்காதீர்கள், எறியாதீர்கள். முத்திரை அதில்தான் இருக்கிறது. நமக்கு ஏன் தாமதமாகத் தெரிந்தது என்று சொல்ல அது வேண்டும்.

லதா அக்கா கனடா, 6.52
டைம் நீட்டிக் கேட்கலாமே தர்ஷி? மரண தண்டனை. மனிதர்கள்தானே

தர்ஷினி, 7.04
அக்கா, அதை நம்பி இருக்க முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் வாசியுங்கள். முதலில் மேல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தபோது 14 நாள்தான் இருந்தது. சிறையில் இருக்கிறவர் ஜெயிலரிடம் மேன்முறையீடு செய்ய வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் போதும், மனுவை எழுதி அனுப்புவது ஜெயிலரின் கடமை. 1979 குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 331ஆம் பிரிவு. அண்ணன் ஒன்பதாவது நாளே சொன்னதால் அப்போது தப்பித்தோம். இப்போது மேன்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்துவிட்டது. மிச்சம் உயர் நீதிமன்றம், அதாவது சுப்ரீம் கோர்ட் மட்டும்தான். அங்கே மேன்முறையீடு செய்ய விசேட அனுமதி கேட்டு மனுப் போட 6 வாரம், அதாவது 42 நாள். 1990 உயர் நீதிமன்ற விதிகளில் 7ஆம் விதி. பிந்தினால் வழக்கில் என்ன நியாயம் இருந்தாலும் அதைப் பார்க்காமலே தள்ளிவிடலாம். 30 நாள் போய்விட்டது. ஜூலை 17 கடைசி. தீர்ப்பு வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 16. எப்படி எண்ணுவது என்று நாம் விவாதம் பண்ண வேண்டாம். 11ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிட வேண்டும்.

செல்வி அத்தை, 7.06
17 ஆடி ஒன்று அல்லவா. அன்றைக்கு வேண்டவே வேண்டாம்

மணி மாமா, 7.07
10 போயா விடுமுறை. கோட்ஸ் இல்லை

சிவா சித்தப்பா, 7.11
பதற வேண்டாம். 1976க்குப் பிறகு இலங்கையில் ஒருவரையும் தூக்கில் போடவில்லை. ஜனாதிபதியிடம் மன்னிப்புக் கேட்கலாம்

செல்வி அத்தை, 7.12
தீர்ப்பு வந்த அன்றும் இதைத்தான் சொன்னாய். சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அண்ணி கோட்ஸ் வாசலில் தனியாக நின்றார்

சிவா சித்தப்பா, 7.12
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தர்ஷினி, 7.19
சித்தப்பா, 2019 ஜூனில் மைத்திரிபால சிறிசேன நாலு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்துப் போட்டார். உயர் நீதிமன்றம் தடுத்ததால்தான் அது நின்றது. மன்னிப்பு என்பது அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை, அது வேறு வழி. பிறகும் கேட்கலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தக் கதவு மூடிவிடும். தூக்கு இல்லை என்றாலும் அண்ணன் உள்ளே போய் 11 வருஷம். "எனக்குப் போக இடம் இருக்கிறது" என்று காலையில் நினைப்பதற்காவது ஒரு வழக்கு இருக்க வேண்டும்.

லதா அக்கா கனடா, 7.22
டெக்சாசில் 2007 செப்டம்பர் 25, வக்கீல்கள் மனு கொஞ்சம் பிந்தும் என்று கேட்டார்கள். 5 மணிக்கு நீதிமன்ற அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அன்று இரவே அந்த ஆளுக்குத் தண்டனை நிறைவேற்றினார்கள். நினைத்தால் கை நடுங்குகிறது

செல்வி அத்தை, 7.23
இதை அண்ணிக்கு வாசித்துக் காட்டாதே மகனே

மணி மாமா, 7.25
தீர்ப்பின் பிரதி இல்லாமல் எப்படி மனுப் போடுவது? அது கைக்கு வரவே நாள் எடுக்குமே

தர்ஷினி, 7.31
நல்ல கேள்வி மாமா. பிரதிக்காகக் காத்திருந்து கடைசி நாளை விடக் கூடாது. அதே உயர் நீதிமன்ற விதிகளில் 2ஆம் விதியிலேயே வழி இருக்கிறது. ஏன் இணைக்க முடியவில்லை என்று மனுவில் எழுதி, கிடைத்ததும் தர அனுமதி கேட்கலாம். அதோடு சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம். திங்கள் காலையில் ஒருவர் கொழும்பு புதுக்கடை கோட்ஸுக்குப் போய்ப் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அங்கேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கும் கேட்கலாம்.

மணி மாமா, 7.33
தொழிற்சங்கத் தலைவரையும் பிடிப்போம்

செல்வி அத்தை, 7.33
தலைவர் தேர்தலுக்குத்தான் வருவார்

சிவா சித்தப்பா, 7.40
செலவுக்கு? கோயில் திருவிழாக் காசு சேர்ந்திருக்கும். கடனாகக் கேட்டால்?

மணி மாமா, 7.41
கேட்கவே கூடாது. செத்த பையனின் அப்பா கோயில் கமிட்டியில் இருக்கிறார். எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

பெரியம்மா, 7.44
அம்மாயி சொல்கிறார்: அந்தக் காசு வேண்டாம். அந்தத் தாய் பீலிக்குத் தண்ணீர் எடுக்க வந்தால் நான் வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன். அவளுக்கும் பிள்ளைதான் போனது. என் தோடு இருக்கிறது.

லதா அக்கா கனடா, 7.45
தோட்டைக் கழற்ற வேண்டாம் பெரியம்மா. இன்றைக்கே அனுப்புகிறேன்

செல்வி அத்தை, 7.47
கூரைத் தகரத்துக்கு என்று சிவா சொன்ன காசு எங்கே? இந்த மழைக்கு அண்ணி காம்பராவில் மூன்று இடத்தில் சட்டி வைத்திருக்கிறார்

சிவா சித்தப்பா, 7.49
அதை இப்போது ஏன்

மணி மாமா, 7.50
தகரம் எத்தனை அடி வேண்டும்? அட்டனில் எனக்குத் தெரிந்த கடை இருக்கிறது

தர்ஷினி, 7.51
மாமா, தகரம் பிறகு. திங்கள் புதுக்கடைக்கு யார்?

செல்வி அத்தை, 7.52
பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, நேரமாகிவிட்டது. கொழுந்து நிறுவை முடிந்து பார்க்கிறேன்

தர்ஷினி, 8.15
சித்தப்பா?

சிவா சித்தப்பா, 8.37
கடையில் லீவு கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கிடைக்காவிட்டாலும் 8 மணிக்கு அங்கே நிற்பேன். செல்வியிடம் சொல், இந்தத் தடவை பஸ் ஏற மாட்டேன்

தர்ஷினி, 8.38
கடித உறை வேண்டும். நாளை இரவுக்குள் கொழும்புக்கு வர வேண்டும். தபாலில் வேண்டாம்

மணி மாமா, 8.40
நான் கொண்டுபோகலாம். முழங்கால்தான் யோசனை

பெரியம்மா, 8.46
அம்மாயி உறையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். நானே கொண்டுபோகிறேன் என்கிறார். மெயில் ரயில் அட்டனுக்கு எத்தனை மணிக்கு வரும்?