கொரியன் ஸ்டைல் பீஃப் கீமா ரைஸ் பவுல், வேலை நாள்ல ராத்திரி சட்டுனு செய்யறது எப்படி?

ராத்திரிபசி:
மக்களே ஒரு ஹெல்ப் வேணும். வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட உக்காரணும், அந்த மாதிரி ஐட்டமா தேடிக்கிட்டு இருக்கேன். பீஃப் கீமாவை வதக்கி சோயா சாஸ், பூண்டு, சர்க்கரை, கோச்சுஜாங் (புளிக்க வெச்ச கொரியன் மிளகாய் விழுது) போட்டு சூடான சோத்து மேல கொட்டி சாப்பிடுறாங்களே, அந்த கொரியன் ஸ்டைல் ரைஸ் பவுல் பாக்க ஈஸியாத்தான் தெரியுது, ஆனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் கறியை சாஸ்ல ஊறப்போடுங்கன்றார், இன்னொருத்தர் ஊறவே வேணாம்ன்றார், சர்க்கரை ஒருத்தர் ரெண்டு ஸ்பூன் இன்னொருத்தர் அரை கப்புன்றார், அரை கப்பு போட்டா அது கறியா பாயசமா? எனக்கு முக்கியமான சந்தேகம் கீமா சட்டில போட்டதும் தண்ணி விட்டு வெந்து போயிடுதே, சாம்பல் கலர்ல, வறுத்த வாசனையே இல்லாம. அதுக்கு என்ன பண்ணனும்? கோச்சுஜாங் கிடைக்கலன்னா வேற என்ன போடலாம்? அரிசி எது நல்லாருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரண்டிக்கை:
தண்ணி விடுற மேட்டருக்கு மட்டும் நான் சொல்றேன், மீதியை மத்தவங்க சொல்லுவாங்க.

கறில தண்ணி இருக்கறவரைக்கும் சட்டி சூடு 100 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே நிக்கும், கறி வறுபட்டு பிரவுன் கலர் வர 140 டிகிரிக்கு மேல போகணும். அதனால தண்ணி எவ்வளவு சீக்கிரம் ஆவியா போகுதோ அவ்வளவு சீக்கிரம் வறுபடும், கதை அவ்வளவுதான். இருக்கறதுலயே அகலமான சட்டியா எடுங்க, இரும்பு இல்லன்னா ஸ்டீல் நல்லது, அடுப்பை முழுசா வெச்சு சட்டி நல்லா காஞ்சப்புறம் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு கீமாவை போடுங்க. போட்டதும் கிண்டாதீங்க!! எல்லாரும் பண்றது இதுதான், போட்ட நிமிஷமே கரண்டியால குத்தி குத்தி உதிர்த்து விடுவாங்க, உதிர உதிர உள்ள இருக்கற தண்ணி எல்லாம் வெளில வரும். அப்படியே ஒரு பெரிய அடை மாதிரி பரப்பி விட்டுட்டு மூணு நாலு நிமிஷம் கை வைக்காம நில்லுங்க, அடில நல்லா செவந்து மொறுமொறுன்னு ஆனப்புறம் பெரிய பெரிய துண்டா திருப்பி போடுங்க, அப்புறமா உதிர்த்துக்கலாம். எல்லா பக்கமும் செவக்கணும்னு அவசியம் இல்ல, ஒரு பக்கம் நல்லா செவந்தாலே வாசனை மொத்தத்துக்கும் வந்துடும்.

500 கிராமுக்கு மேலன்னா ரெண்டு தடவையா போடுங்க, ஒரே சட்டில திணிச்சா எந்த அடுப்பாலயும் முடியாது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறின்னா முழுசா உருகினப்புறம் டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுங்க, பாதி ஐஸா இருக்கறப்ப போட்டா தண்ணி கண்டிப்பா.

ஊறப்போடலாமான்னு கேட்டீங்கள்ல, கீமாவுக்கு வேணாம். பெரிய துண்டு கறின்னா உள்ள மசாலா ஏறணும்னு ஊறப்போடுறோம், இது ஏற்கனவே அரைச்ச கறி, சாஸ் போட்டா அந்த நிமிஷமே எல்லா பக்கமும் ஒட்டிக்கும். அதுக்கு மேல உப்பு பட்டு ஊறின கீமா ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு சாசேஜ் மாதிரி ரப்பரா ஆயிடும், சாஸ்ல இருக்கற தண்ணியும் சட்டில சேந்துடும். சாஸ் கடைசிலதான்.

சட்டிபானை:
கரண்டிக்கை சொன்னது கரெக்ட். நான் சாஸ் அளவு சொல்றேன், 500 கிராம் கீமாவுக்கு: சோயா சாஸ் 3 டேபிள்ஸ்பூன், பிரவுன் சுகர் 2 டேபிள்ஸ்பூன் (சாதா சர்க்கரையும் ஓகே), கோச்சுஜாங் 1 டேபிள்ஸ்பூன், பூண்டு 4 பல் நசுக்கினது, இஞ்சி துருவினது 1 டீஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம், தண்ணி 3 டேபிள்ஸ்பூன். அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடியே இஞ்சி பூண்டு தவிர மத்ததெல்லாம் ஒரு கிண்ணத்துல கலந்து வெச்சுடுங்க, ஏன்னா கறி செவந்தப்புறம் பாட்டிலை தேடிக்கிட்டு இருந்தா கருகிடும். கோச்சுஜாங் கெட்டியா இருக்கும், நேரா சட்டில போட்டா ஒரு இடத்துலயே உருண்டையா நிக்கும் கரையாது, கிண்ணத்துல கரைச்சு ஊத்தறதுதான் நல்லது.

கறி செவந்ததும் மிதக்கற கொழுப்பை ஒரு ஸ்பூன் அளவு விட்டுட்டு மீதியை எடுத்துடுங்க, 20 சதவீதம் கொழுப்பு உள்ள கீமான்னா நிறையவே வரும், 10 சதவீதம்னா எடுக்க ஒண்ணும் இருக்காது. அப்புறம் தீயை குறைச்சு இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளோட வெள்ளை பாகம் போட்டு முப்பது செகண்ட் வதக்கி, சாஸை ஊத்தி ரெண்டு மூணு நிமிஷம் சுண்ட விடுங்க, பளபளன்னு கறி மேல ஒட்டும். அதுல சர்க்கரை இருக்கறதால பாத்துக்கிட்டே இருக்கணும், அந்தாண்ட போயிடாதீங்க.

அடுப்பை அணைச்சப்புறம் வறுத்த எள் எண்ணெய் 2 டீஸ்பூன். முன்னாடியே ஊத்தினா வாசனை எல்லாம் ஆவியோட போயிடும். இங்க சாதா நல்லெண்ணெய் வேலைக்கு ஆகாது, கொரியன் சமையல்ல எள்ளை நல்லா வறுத்துட்டு பிழிஞ்ச கரும்பிரவுன் எண்ணெய், வாசனையே வேற. அது இல்லன்னா எள்ளை வறுத்து நுணுக்கி மேல தூவிக்கோங்க, அது எவ்வளவோ மேல்.

சோயா சாஸ் வாங்கறப்ப ஒண்ணு. கொரியன் பாட்டில்ல சூப்புக்குன்னு தனியா ஒண்ணு வரும், குக் கன்ஜாங்னு போட்டிருக்கும், கலர் கம்மி உப்பு ஜாஸ்தி. அதை இதே அளவு ஊத்தினா வாய்ல வைக்க முடியாது. ஜின் கன்ஜாங் இல்லன்னா யாங்ஜோ கன்ஜாங் வாங்குங்க.

நெருப்புமிளகா:
கோச்சுஜாங் இல்லன்னா என்னன்னு யாரும் சொல்லலையே. அது வெறும் மிளகாய் பேஸ்ட் இல்ல, மிளகாத்தூள், ஒட்டரிசி, புளிக்க வெச்ச சோயா மாவு, உப்பு எல்லாம் சேத்து புளிக்க வெக்கறது, அதனால காரம் இனிப்பு உப்பு புளிப்பு எல்லாம் அதுலயே இருக்கு. அந்த ருசியை அப்படியே வேற எதாலயும் கொண்டு வர முடியாதுங்க, நம்பாதீங்க. கிட்டத்தட்ட வேணும்னா மீசோ (புளிக்க வெச்ச ஜப்பான் சோயா பேஸ்ட்) 2 டீஸ்பூன் + மிளகாத்தூள் 1 டீஸ்பூன் + சர்க்கரை 1 டீஸ்பூன், கொஞ்சம் தண்ணில கரைச்சுக்கோங்க. மீசோவும் இல்லன்னா விட்டுடுங்க, வெறும் சில்லி ஃபிளேக்ஸ் போட்டு சோயா பூண்டு சர்க்கரைலயே பண்ணுங்க, அது புல்கோகி (கொரியன் மாட்டுக்கறி ஐட்டம்) சாஸ் பக்கமா போகும், அதுவும் நல்ல சாப்பாடுதான். கெட்சப் கலக்க சொல்றவங்க பேச்சை மட்டும் கேக்காதீங்க.

அப்புறம் சர்க்கரை அரை கப்பு மேட்டர், 500 கிராம் கறிக்கு அது ரொம்ப ஓவர். என்னை கேட்டா சட்டிபானை சொன்ன 2 டேபிள்ஸ்பூனே ஜாஸ்தி, கோச்சுஜாங்லயே இனிப்பு இருக்கு, 1 போட்டுட்டு ருசி பாத்து ஏத்திக்கோங்க.

சட்டிபானை:
@நெருப்புமிளகா ஒண்ணு போட்டா சோயா உப்பு மட்டும்தான் முன்னாடி நிக்கும் ப்ரோ. சோத்தோட கலந்து சாப்பிடற ஐட்டம், தனியா நக்கி பாக்கறப்ப கொஞ்சம் தூக்கலாதான் இருக்கணும், சோறு சேந்தா சரியாயிடும். கோச்சுஜாங் போடாதவங்களுக்கு ரெண்டு கண்டிப்பா வேணும்.

நெருப்புமிளகா:
சரி அது அவங்கவங்க நாக்கு. நான் 1.5ல நிக்கறேன் 😄

பழையசோறு:
இதை கொரியன்னு சொல்லலாமான்னு எப்பவும் ஒரு சண்டை வரும், அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். புல்கோகின்னா மெல்லிசா சீவின மாட்டுக்கறியை சோயா, பேரிக்காய், பூண்டு, எள் எண்ணெய்ல ஊறப்போட்டு சுடறது. கீமா வெச்சு பண்றது அந்த சாஸை மட்டும் எடுத்துக்கிட்ட அவசர வேலை. ஆனா சோத்து மேல ஏதாவது ஒண்ணை கொட்டி ஒரே கிண்ணமா சாப்பிடறது அங்க சர்வசாதாரணம், தொப்பாப்னு ஒரு வகையே இருக்கு. கீமாவும் அங்க புதுசு ஒண்ணும் இல்ல. யாக் கோச்சுஜாங்னு ஒண்ணு இருக்கு, பீஃப் கீமாவை எள் எண்ணெய்ல வதக்கி நிறைய கோச்சுஜாங், தேன் விட்டு கெட்டியா சுண்ட வைக்கறது, சில பேர் பைன் நட்ஸும் போடுவாங்க. பிபிம்பாப்ல (காய்கறி எல்லாம் மேல வெச்சு கலந்து சாப்பிடற கொரியன் சோறு) ஒரு ஸ்பூன் வெச்சு கலந்து சாப்பிடுவாங்க.

வேலை நாள்ல சமைக்க நேரமே இல்லன்றவங்களுக்கு நான் ரெகமண்ட் பண்றது அதைத்தான். லீவு நாள்ல 150 கிராம் கீமாவுக்கு ஒரு கப் கோச்சுஜாங் கணக்குல கிண்டி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டா வாரம் பூரா ஓடும், ராத்திரி வந்து சோறு வெச்சு ஒரு முட்டை பொரிச்சு அதுல ஒரு ஸ்பூன் போட்டு கலந்தா முடிஞ்சுது. காரம் கம்மியா வேணும்னா தேனை கூட்டிக்கோங்க.

அரிசி பத்தி கேட்டிருந்தீங்க. குட்டையான ஒட்டற அரிசிதான், கொரியன் ஜப்பான் ரெண்டு பேரும் சாப்பிடற அதே வகை. சாஸ் பட்டாலும் கொத்தா எடுத்து சாப்பிடலாம். ரெண்டு மூணு தடவை கழுவி அரை மணி நேரம் ஊறினா நல்லது, நேரம் இல்லன்னா பரவால்ல, ஊறின அரிசிக்கு ஒண்ணுக்கு ஒண்ணேகால் கூட வேணாம் அதுக்கு கொஞ்சம் கம்மியாவே தண்ணி போதும். பாஸ்மதில பண்ணா தப்பில்ல, ஆனா உதிரி உதிரியா நிக்கும், சாஸ் எல்லாம் அடிக்கு எறங்கிடும். வீட்டுக்குள்ள வந்ததும் செருப்பை கழட்டறதுக்கு முன்னாடி குக்கர்ல அரிசியை போட்டுடுங்க, மீதி எல்லாம் அது வேகற நேரத்துல முடிஞ்சுடும்.

ராத்திரிபசி:
அடேங்கப்பா இவ்வளவு விஷயம் இருக்கா, எல்லாருக்கும் நன்றி!! இன்னும் ரெண்டு டவுட். வீட்ல சின்ன பசங்க இருக்காங்க காரம் ஆகாது, தனியா ரெண்டு சட்டி வைக்கணுமா? இன்னொண்ணு, கறியும் சோறும் மட்டும் சாப்பிட்டா ரெண்டாவது வாய்க்கே திகட்டும்னு தோணுது, கூட என்ன வைக்கலாம், சீக்கிரம் ஆகறதா சொல்லுங்க.

வெள்ளரிப்பிஞ்சு:
திகட்டும்தான், கண்டிப்பா திகட்டும், இனிப்பு உப்பு கொழுப்பு மூணும் ஒரே கிண்ணத்துல இருக்கே. நிறைய ரெசிபில மேல எள்ளு தூவி வெங்காயத்தாள் போட்டு முடிச்சுடறாங்க, அது பாக்க மட்டும்தான் அழகு. புளிப்பும் நறுக்குன்னு கடிக்கறதும் ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும், அது இல்லாம இந்த பவுலே வேணாம்னு சொல்லுவேன்.

கிம்ச்சி (புளிக்க வெச்ச கொரியன் காய்கறி ஊறுகாய்) கைல இருந்தா யோசிக்கவே வேணாம். இல்லன்னா வெள்ளரிக்காய், கொரியன்ல ஓயி முச்சிம்னு சொல்றாங்க. ரெண்டு வெள்ளரியை வட்டமா நறுக்கி அரை டீஸ்பூன் உப்பு பெரட்டி வெச்சுட்டு கறி வேலையை பாருங்க, பத்து நிமிஷத்துல தண்ணி விட்டிருக்கும், கையால நல்லா பிழிஞ்சுட்டு வினிகர் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், கோச்சுகாரு (கொரியன் மிளகாத்தூள்) இல்லன்னா சாதா மிளகாத்தூள் கொஞ்சம், எள் எண்ணெய் ரெண்டு சொட்டு. பிழியறதை மட்டும் விட்றாதீங்க, பிழியலன்னா சாலட் தண்ணில மிதக்கும், அந்த தண்ணி சோத்துல எறங்கி எல்லாம் சொதசொதன்னு ஆயிடும்.

பசங்களுக்கு ரெண்டு சட்டி எதுக்கு? சட்டில கோச்சுஜாங் போடாமயே பண்ணிடுங்க, பெரியவங்களுக்கு கோச்சுஜாங் 1 டேபிள்ஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், எள் எண்ணெய் கொஞ்சம், தண்ணி கொஞ்சம் கலக்கி தனி கிண்ணத்துல வெச்சுட்டா வேணும்ன்றவங்க மேல ஊத்திக்கலாம். பிபிம்பாப் சாஸும் கிட்டத்தட்ட இதேதான். பசங்க கிண்ணத்துல வறுத்த கடல்பாசி ஷீட்டை நொறுக்கி போட்டு பாருங்க, கிம்னு விக்கறது, சத்தம் போடாம சாப்பிடுவாங்க.

கரண்டிக்கை:
பசங்கன்னு சொன்னதால ஒண்ணு சேத்துக்கறேன். கீமால நடுவுல சிவப்பா விடற பழக்கம் வேணாம், முழு துண்டு கறில கிருமி மேல்பக்கம்தான் இருக்கும், அரைக்கறப்ப அது உள்ள வரைக்கும் போயிடும். தெர்மாமீட்டர் இருந்தா 71 டிகிரி செல்சியஸ். நம்ம முறைல மெல்லிசா பரப்பி வறுக்கறதால அது தானா வந்துடும், பெரிய துண்டா திருப்பி போட்டதை கடைசில உதிர்த்து விட மறக்காதீங்க அவ்வளவுதான். பசங்களுக்கு முட்டை பொரிச்சாலும் மஞ்சக்கருவை கெட்டியாவே பொரிங்க.

நைட்டுஷிஃப்டு:
மீந்தா என்ன பண்றது? நான் ஒரு கிலோவா பண்ணி வெச்சுக்கலாம்னு பாக்கறேன்.

பழையசோறு:
கறி ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும், ஃப்ரீசர்லயும் போடலாம், சாஸ் இருக்கறதால வறண்டு போகாது. சூடு பண்றப்ப ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு ஆவி பறக்க சூடு பண்ணுங்க. கறியை விட சோத்துலதான் கவனம் வேணும், வடிச்ச சோத்தை ராத்திரி பூரா வெளில வெக்காதீங்க, சீக்கிரம் ஆற வெச்சு, வடிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்கு போயிடணும். அரிசில வர்ற ஒரு பாக்டீரியா விடற நஞ்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது (என் பேரை பாத்துட்டு சிரிக்காதீங்க). வெள்ளரி மட்டும் அன்னன்னிக்கு பண்ணுங்க.

மறுநாள் அதே பவுல் வேணாம்னா லெட்டூஸ் இலைல கறியை வெச்சு கொஞ்சம் சோறு, கிம்ச்சி, மடிச்சு ஒரே வாய்ல போட்டுடுங்க.

நைட்டுஷிஃப்டு:
சூப்பர். ஒரு கிலோன்னா சாஸும் அப்படியே டபுளா?

சட்டிபானை:
சோயா, சர்க்கரை, கோச்சுஜாங் டபுள். தண்ணியை மட்டும் டபுள் பண்ணாதீங்க, அந்த 3 டேபிள்ஸ்பூனே போதும், இல்லன்னா சுண்டறதுக்குள்ள கறி வறண்டுடும். அப்பவும் கொழகொழன்னு தண்ணியா இருந்தா கார்ன்ஃப்ளார் 1 டீஸ்பூன் பச்சத்தண்ணில கரைச்சு ஊத்தி ஒரு கொதி விடுங்க. வறுக்கறது ரெண்டு தடவையா, சாஸ் ஊத்தறது ஒரே தடவை.