பள்ளியில் பட்டது, இன்னும் போகாதது: உங்கள் அனுபவம்

கரிசல்காடு:
எட்டாம் வகுப்பு. எனக்குத் திக்குவாய். வருகைப்பதிவில் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும், ‘உ’விலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எத்தனை எண்ணுவதற்குள் வார்த்தை வரும் என்று கடைசி பெஞ்சில் பந்தயம். ஒருநாள் பதினொன்று வரை எண்ணினார்கள். நிமிர்ந்து பார்த்தால், ஐயா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு நினைவில் நிற்பது அந்த உதடுதான். இப்போது வயது 34. போனில் ‘யார் பேசுறது’ என்று கேட்டால் இன்னும் வைத்துவிடுகிறேன்.

சேலத்துக்காரன்:
பட்டப்பெயர் இல்லாமல் யார் படித்தோம்? என்னையும் ‘குண்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆசிரியரைக் குறை சொல்வது சரியில்லை, அவரும் மனிதர்தானே. விளையாட்டு நாளில் எல்லோரும் மைதானத்திலேயே சட்டை மாற்றுவார்கள், நான் கழிப்பறைக்குள் போய் மாற்றுவேன். இன்றைக்கும் கடலில் சட்டையோடுதான் இறங்குகிறேன். சரி, அது வேறு விஷயம்.

அகல்:
சேலம் அண்ணா, அது வேறு விஷயமே இல்லை. என் மகள் ஏழாம் வகுப்பு. அவள் படத்தை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டார்கள். மூன்று வாரம் தினமும் காலையில் வயிற்றுவலி. டாக்டரிடம் இரண்டு முறை போனோம், அங்கும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை வைத்திருப்பவர்களே, திங்கட்கிழமை வயிற்றுவலியை நடிப்பு என்று திட்டாதீர்கள். வந்த செய்தி எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேலி செய்த பிள்ளையின் வீட்டுக்குச் சண்டைக்குப் போகாதீர்கள், மறுநாள் அது நம் பிள்ளை தலையில்தான் விடியும். தலைமையாசிரியரிடம் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லையா, பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098. இதில் 1098 நடுராத்திரியிலும் எடுப்பார்கள். கல்லூரி என்றால், 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு வந்த 1997 ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை.

நொச்சி:
கரிசல்காடு, என் வகுப்பிலும் ஒருவன் திக்கிப் பேசுவான். அவனைப் போலப் பேசிக் காட்டியவன் நான்தான். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவனுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தேன். இலையில் சாம்பார் ஊற்றியாகிவிட்டது. என்னைப் பார்த்தான். ஒரு வாய்கூட வைக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். இப்போது அவன் நம்பர் கிடைத்திருக்கிறது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கட்டுமா?

கரிசல்காடு:
கூப்பிடாதீர்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலே எனக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். எழுதி அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை அனுப்ப வேண்டாம்.