எது என் நாடு? மக்மாரிஸின் கோபத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

மேகலா_எம்ஏ:
வணக்கம். ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' படிக்கிறேன். மூன்றாம் அங்கத்தில், ராஜா ஹென்றியின் படை பிரான்ஸின் ஹார்ஃப்ளர் நகரத்தை முற்றுகையிடும்போது, நான்கு கேப்டன்கள் சந்திக்கிறார்கள்: இங்கிலாந்தின் கோவர், வேல்ஸின் ஃப்ளூயெல்லன், ஸ்காட்லாந்தின் ஜேமி, அயர்லாந்தின் மக்மாரிஸ். உங்கள் நாட்டவரில் அதிகம் பேர் இல்லை என்று ஃப்ளூயெல்லன் ஆரம்பித்ததுமே மக்மாரிஸ் வெடிக்கிறார். எது என் நாடு, யார் அதைப் பற்றிப் பேசுவது என்கிறார். கைடில் இந்தக் காட்சிக்கு 'தேசிய ஒற்றுமை' என்று போட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. உங்களுக்கு?

மேடைப்பித்தன்:
முதலில் கைடை மூடி வையுங்கள். நாடகம் 1599இல் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அயர்லாந்தின் யெல்லோ ஃபோர்டில், அங்கே கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஹ்யூ ஓ'நீலிடம் ஆங்கிலப் படை படுதோல்வி அடைந்தது. 1599 மார்ச்சில் அந்தக் கலகத்தை அடக்க எசெக்ஸ் பிரபு பெரும்படையோடு அயர்லாந்துக்குக் கிளம்பினார். தளபதி கலகத்தை வாள்முனையில் குத்திக்கொண்டு திரும்பினால் லண்டன் எப்படித் திரண்டு வரவேற்கும் என்று ஐந்தாம் அங்கத்தின் கோரஸ் (அங்கத்தின் தொடக்கத்தில் வந்து கதை சொல்லும் பாத்திரம்) பேசுகிறது. அது எசெக்ஸைத்தான் சொல்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. (செப்டம்பரில் அவர் வெறுங்கையோடு வந்தார்.) அந்தச் சமயத்தில் லண்டன் மேடையில் ஓர் அயர்லாந்துக்காரர் ஆங்கில ராஜாவுக்காக எதிரியின் மதிலைத் தகர்க்கச் சுரங்கம் தோண்டுகிறார்! கூட்டத்தில் பிள்ளையை அந்தப் போருக்கு அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள். அப்புறம், அவர் கேள்விக்கு யாருமே பதில் சொல்வதில்லை, கவனித்தீர்களா? நகரத்திலிருந்து பேச்சுவார்த்தைக்கு எக்காளம் ஊதுகிறது, பேச்சு அறுந்துபோகிறது.

பழையபுத்தகம்:
அண்ணா, ஜேமியை விட்டுவிட்டீர்களே. 1599இல் ஸ்காட்லாந்து தனி நாடு, தனி ராஜா. நாம் பிரான்ஸுக்குப் போனால் ஸ்காட்லாந்துக்காரர்கள் மரநாய் மாதிரி கூட்டில் புகுந்து முட்டை குடிப்பார்கள் என்று முதல் அங்கத்தில் ஆங்கிலேயர்கள் பயப்படுகிறார்கள். மூன்றாம் அங்கத்தில் அந்த நாட்டுக் கேப்டனே ஆங்கிலப் படையில் நிற்கிறார். வேல்ஸ் விஷயம் வேறு. 1536 சட்டத்திலேயே அது இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. மான்மத்தில் பிறந்த ஹென்றியும் தான் வேல்ஸ்காரன் என்றே சொல்லிக்கொள்கிறார். ஃப்ளூயெல்லனுக்கு நாடகம் கொடுக்கும் இடம் மக்மாரிஸுக்கு இல்லை. இன்னொன்று: 1600இல் அச்சான க்வார்ட்டோவில் (இந்த ஒரு நாடகத்தின் சிறு பதிப்பு) ஜேமியும் இல்லை, மக்மாரிஸும் இல்லை, கோரஸும் இல்லை. 1623 ஃபோலியோவில்தான் (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய தொகுப்பு) வருகிறார்கள்.

மேகலா_எம்ஏ:
அப்படியானால் 1600இல் புத்தகம் வாங்கிப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியே தெரிந்திருக்காதா?

மேடைப்பித்தன்:
அந்தப் பதிப்பை மட்டும் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்காதும்மா. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கட்டுரை எழுதுங்கள். இவை ஏன் அதில் இல்லை என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மேடைக்காகச் சுருக்கினார்கள் என்று ஒரு கட்சி, அரசியல் பயம் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. எசெக்ஸ் காவலில் வைக்கப்பட்ட பிறகு அந்தக் கோரஸை அச்சில் விட யாருக்குத் துணிவு வரும்?